அடைப்புக்குறிக்குள் ஓர் எண்

மூன்று லட்சம் என்று முதலில் தட்டினேன்.
டாலர். ஆண்டுக்கு. கணவன் மனைவி சேர்த்து.
அதற்குக் கீழே எல்லோரும் நடுத்தர வர்க்கம்,
மேலே எல்லோரும் பணக்காரர்கள்.
டிசம்பர் முப்பது, வாஷிங்டன், இரவு ஏழரை.
சட்டவரைவு அலுவலகத்தில் நானும்
இருமிக்கொண்டிருக்கும் ஹீட்டரும்.
எண்ணைச் சுற்றி அடைப்புக்குறி போட்டேன்.
அடைப்புக்குறி என்றால்
இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஒன்பது மணிக்கு ஃபோன்.
செனட்டர் ஹால்வர்சனின் உதவியாளன்,
எதையோ மென்றபடி:
"நாலேகால் ஆக்கிடுங்க, வினிஃப்ரெட்."
ஆக்கினேன்.
கனெக்டிகட்டில் எத்தனையோ பல் மருத்துவர்கள்
அந்த நொடியில் பணக்காரர்களாக இருப்பதை நிறுத்தினார்கள்.
பெத்தஸ்டாவில் என் அக்கா கணவர் லயலும்தான்.
அவருக்குத் தெரியாது.
படகை எங்கே நிறுத்துவது என்று
யாரிடமாவது குறைபட்டுக்கொண்டிருந்திருப்பார்.

பத்தேகாலுக்கு எதிர்த்தரப்பு.
ஐந்தரை வேண்டுமாம்.
கொடுத்தால், வேலை போனவர்களின் உதவித்தொகையைப்
பதின்மூன்று வாரம் நீட்டிக்க விடுவார்களாம்.
கூடுதலாகக் கேட்ட ஒன்றேகால் லட்சத்தை
பதின்மூன்றால் வகுத்துப் பார்த்தேன், சும்மா, காகித ஓரத்தில்.
ஒன்பதாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.
மீதி ஐந்து.
அந்த ஐந்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஒரு கட்சிக்குச் சின்னம் கழுதை, மற்றதற்கு யானை.
கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைப்
பக்கம் பக்கமாக நான்தான் படியெடுக்கிறேன்.
யானைப் பசிக்குச் சோளப்பொரி என்று
யானைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள்.
ஆனால் கட்டெறும்புக்கும் தெரியும்
தும்பிக்கைக்கு வழி.

பன்னிரண்டு அடிக்கும்போது நேரிலேயே வந்துவிட்டார்கள்,
தரப்புக்கு ஒருவர், தளர்ந்த டையோடு.
மாலைச் செய்தியில் ஒருவரையொருவர்
நாட்டின் முதுகெலும்பை ஒடிப்பவர் என்றவர்களின் ஆட்கள்
என் மேஜையில்
ஒரே சிப்ஸ் பாக்கெட்டுக்குள் கைவிட்டார்கள்.
"வாரிசு வரி?"
"முப்பத்தாறு சதவீதம்."
"நாப்பத்திரண்டு."
"உங்காளுக்கு அடுத்த வருஷம் தேர்தல்."
"உங்காளுக்கும்தான்."
"முப்பத்தொன்பது."
பாக்கெட்டுக்குள் விரல்கள் உரசியிருக்க வேண்டும்.
சந்தையில் துண்டுக்கடியில் மாடு கைமாறுவதைப் போல
ஏதோ கைமாறியது.
வரம்பு நான்கே முக்கால் என்று முடிந்தது.
உப்பு விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான் ஒருவன்.

நடுத்தரம் என்ற சொல்லை அன்றிரவு
நாற்பத்தோரு முறை கேட்டேன்; எண்ணினேன், வேறு வேலையில்லை.
நடு என்றால் இரண்டு முனை வேண்டும்.
அவர்கள் ஒரு முனையைத்தான் இழுத்தார்கள்,
சூயிங்கம் இழுப்பதுபோல.
மறுமுனை யார் பல்லில் ஒட்டியிருந்தது என்று
கேட்க எனக்கு அதிகாரமில்லை.

கிளம்பும்போது, கோட்டில் ஒரு கை நுழைத்தபடி,
"ஆமா, பன்னிரண்டாம் பிரிவை எடுத்திடுங்க" என்றான் இளையவன்.
பன்னிரண்டாம் பிரிவு:
சம்பளப் பிடித்தத்தில் இரண்டு சதவீதச் சலுகை.
சம்பளம் வாங்கும் எல்லோருக்கும்.
அதற்குப் பேரமே நடக்கவில்லை.
யாரும் குரல் உயர்த்தவில்லை,
யாரும் அதற்காக ஒரு சிப்ஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.
எனக்கு அது மாதம் நூற்றுப்பத்து டாலர்.
ஏழு வரிகளைத் தேர்ந்தெடுத்து
அழி பொத்தானை அழுத்தினேன்.
பதின்மூன்றாம் பிரிவு ஏறிவந்து
பன்னிரண்டு ஆகிவிட்டது. தடயமில்லை.

வாக்கெடுப்பு விடியலுக்குச் சற்று முன்.
டிவியில் இரு தரப்பும் வென்றிருந்தன.
லயல் எனக்குக் கட்டைவிரல் உயர்த்திய படம் அனுப்பினார்.

காபி ஆறிய பிறகுதான் பார்த்தேன்:
பக்கம் தொண்ணூற்று நான்கு, நான்கே முக்கால் லட்சத்துக்கு முன்னால்
ஓர் அடைப்புக்குறி
திறந்தே கிடக்கிறது.
மூடுவது என் விட்டுப்போன விரல்.
திருத்த இரண்டு தரப்பின் கையெழுத்தும் வேண்டும்.
அழைத்தேன்.
இருவரும் விமானத்தில் இருந்தார்கள்.